சாப்பிடாத சீனி எங்கிருந்து வருகிறது?

4 ஒக்டோபர் 2024, நிலாவெளித் தம்பி ஒருவரின் கேள்வி

எனக்கு 46 வயது. ஆறு மாதமாகச் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபோமின் மாத்திரை போடுகிறேன். இரவு 7 மணிக்கு ஒரு கோப்பை மரக்கறி சூப், அதோடு சரி. படுக்கப் போகும்போது விரலில் குத்தி மீற்றரில் பார்த்தால் இரத்தச் சீனி 121 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்). தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்காமல் விடிய 5 மணிக்கு எழும்பிக் குத்தினால் 148. ஒரு நாள் என்றால் பரவாயில்லை, ஏழு நாளும் இப்படித்தான். சாப்பிடாத சீனி எங்கிருந்து வரும்? மீற்றர் பிழை என்றுதான் நினைக்கிறேன்.

4 ஒக்டோபர், இரவு 9.40, என் பதில்

மீற்றர் பிழை இல்லை தம்பி. அந்தச் சீனியை உங்கள் ஈரல் ஊற்றியிருக்கிறது. எனக்கும் இரண்டு வருடம் இதே கதைதான். இரவுச் சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்கக் காலை எண் அசையாமல் நின்றது, கோபத்தில் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். உவர்மலையில் கரண்ட் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை.

5 ஒக்டோபர்

சரி, இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. 31 வருடம் நீர்ப்பாசன வேலை, அதில் பாதிக்கு மேல் கந்தளாய்க் குளத்துக்கும் தம்பலகாமம் வயல்வெளிக்கும் இடையில் சைக்கிளில் போனது. எதையும் குளம், துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வாய்க்கால் என்று வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். ஈரலையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

சோறு, பாண், இடியப்பம் எதுவானாலும் குடலில் சீனியாக உடைந்து இரத்தத்தில் ஏறுகிறது. அந்த இரத்தம் நேரே கை, கால், மூளை என்று போய்விடாது. குடலிலிருந்து புறப்படும் பெரிய நாளம் முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரல் தன் பங்கை அங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உடம்புக்கு விடுகிறது. தனித்தனிச் சீனியாக இறக்கி வைத்தால் அது தண்ணீரை இழுத்துக் கலங்களை வீங்க வைத்துவிடும் என்பதால், ஆயிரக்கணக்கான குளுக்கோசைக் கிளை கிளையாகக் கோத்து உருண்டையாக்கி வைக்கிறது. இதற்குப் பெயர் கிளைக்கோஜன். ஒன்றரைக் கிலோ அளவுள்ள ஈரலில், வயிறாரச் சாப்பிட்ட பிறகு, இது 100 கிராம் அளவு இருக்கும். தசைகளிலும் 400 கிராம் அளவு இருக்கிறது, அவசரத்தில் அதுவும் இரத்தத்துக்குக் கைகொடுக்கும்.

இப்போது செலவுப் பக்கம். மீற்றரில் 100 என்று காட்டும்போது உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தில் இருப்பது 5 கிராம் சீனிதான். ஒரு தேக்கரண்டி. மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு கேட்கிறது, நாம் நித்திரையில் இருந்தாலும் அது கேட்பதை நிறுத்தாது. ஆகவே இரவு முழுக்க ஈரலின் துருசு கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். சுகதேகி ஒருவரில், ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் அளவில் திறந்துவிடுகிறது. 65 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 8 கிராம் வரும். இரத்தத்தில் மொத்தம் இருப்பதைவிடக் கூடிய சீனியை ஈரல் ஒரு மணி நேரத்தில் ஊற்றுகிறது! இந்தக் கணக்கை முதன்முதலில் கொப்பியில் எழுதிப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. துருசு ஒரு விரல் அகலம் கூடத் திறந்தாலும் வாய்க்காலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

துருசைத் திறப்பதும் பூட்டுவதும் சதையியின் (கணையத்தின்) கையில். சாப்பிட்டதும் இன்சுலின் வருகிறது, அதுவும் அதே பெரிய நாளத்தால் முதலில் ஈரலுக்கு. "வெளியே வெள்ளம் வருகிறது, நீ பூட்டு, உள்ளே சேர்த்து வை" என்பது அதன் செய்தி. வந்த இன்சுலினில் பாதி அளவை ஈரலே எடுத்துக்கொள்கிறது. சாப்பாடு இல்லாத நேரம் சதையியின் மற்ற ஓமோனான குளுக்ககன் வந்து "திற" என்கிறது. ஈரலுக்கு இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டால் "பூட்டு" என்ற செய்தி வந்தும் துருசு முழுதாகப் பூட்டுப்படுவதில்லை. இரத்தத்தில் 140 ஓடும்போதும் ஈரல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் 148 அதுதான். சூப்பை நிறுத்தினாலும் அது வரும்.

6 ஒக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தசையில் இருக்கும் கிளைக்கோஜன் இரத்தத்துக்குக் கைகொடுக்கும் என்று எழுதிவிட்டேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் வாசித்துவிட்டு "அப்பா, இது பிழை, உடனே திருத்துங்கோ" என்றாள். அவள் சொன்னது சரி. கிளைக்கோஜனை உடைத்து வரும் குளுக்கோசில் ஒரு பொசுபேற்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழற்றினால்தான் அது கலத்தை விட்டு வெளியே வரலாம். கழற்றும் நொதியம் ஈரலில் இருக்கிறது, தசையில் இல்லை. தசையின் 400 கிராமும் தசைக்கு மட்டும். தம்பலகாமத்தில் சொந்தக் கிணறு வைத்திருக்கிற வயல்காரர் மாதிரி, பக்கத்து வயல் வெடித்தாலும் அந்தத் தண்ணீர் அங்கே பாயாது.

ஒரு சுற்றுவழி மட்டும் உண்டு. தசை கடுமையாக வேலை செய்யும்போது லக்றிக் அமிலத்தை வெளியே விடும், ஈரல் அதை எடுத்து மறுபடி குளுக்கோசாக்கித் திருப்பி அனுப்பும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தவர்கள் கோரி தம்பதியர், கார்ல், கேர்ட்டி. கிளைக்கோஜன் எப்படி உடைகிறது என்று காட்டியதற்கு 1947இல் நோபல் பரிசு வாங்கினார்கள். மருத்துவத்துக்கு அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் கேர்ட்டி கோரி. மகள் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

8 ஒக்டோபர்

மீற்றரைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 100க்கு மேல் உள்ள எண்களில் 15 சதவீதம் வரை கூடிக் குறைந்து காட்ட மீற்றருக்கு அனுமதி உண்டு. ஒரு நாள் 148 வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏழு நாளும் இரவு குறைவு, காலை கூட என்று வந்தால் அது மீற்றர் இல்லை.

கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள். எனக்கு ஒரு நாள் 236 காட்டியது, பயந்து போனேன். பிறகு யோசித்தால் அதற்குக் கொஞ்சம் முன்தான் மனைவிக்குப் பப்பாசிப் பழம் வெட்டிக் கொடுத்திருந்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மற்ற விரலில் குத்தினேன். 141.

12 ஒக்டோபர்

"இரவில் சீனி விழுந்து, அதைச் சரிக்கட்ட ஈரல் பாய்ச்சுகிறது, அதனால் படுக்கும்போது இரண்டு பிஸ்கட் சாப்பிடு" என்று தம்பிக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இரவில் விழுவது நடக்கக்கூடியது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. மெட்ஃபோமின் மட்டும் போடுபவருக்கு அப்படி விழுவது அரிது. ஊகிக்கத் தேவையில்லை, விடியப்புறம் 3 மணிக்கு அலாரம் வைத்துக் குத்திப் பாருங்கள். நான் மூன்று இரவு செய்தேன். படுக்கும்போது 126, 3 மணிக்கு 133, 6 மணிக்கு 151. மற்ற இரண்டு இரவும் இதே போக்குத்தான். விழவே இல்லை. 3 மணிக்குப் பிறகு ஏற்றம் கூடுகிறது, ஏனென்றால் விடியும் முன் உடம்பு நம்மை எழுப்பத் தயாராகிறது. கோட்டிசோல், வளர்ச்சி ஓமோன் இரண்டும் ஏறுகின்றன, இரண்டும் ஈரலுக்கு "திற" என்ற பக்கம்தான். சுகதேகிக்கும் ஏறுகிறது. அவருடைய சதையி கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் விட்டு அதை அமத்திவிடும். நமக்கு அமத்துவார் இல்லை.

ஆகவே தம்பி, பிஸ்கட் வேண்டாம்.

20 ஒக்டோபர், ஞாயிறு

இன்று வீட்டில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1855இல் பிரான்சில் குளோட் பெர்னார்ட் என்ற விஞ்ஞானி ஒரு நாயின் ஈரலை எடுத்து, அதன் நாளத்துக்குள் குளிர்ந்த தண்ணீரை வேகமாகச் செலுத்திக் கழுவினார். வெளியே வரும் தண்ணீரில் சீனி அறவே இல்லை என்று ஆகும் மட்டும் கழுவினார். ஈரலை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் சோதித்தால் மறுபடி சீனி. உயிர் இல்லை, இரத்தம் இல்லை, சாப்பாடு இல்லை, ஆனால் சீனி வந்திருக்கிறது. ஈரலுக்குள்ளேயே சீனியாக மாறக்கூடிய ஏதோ ஒன்று பதுங்கியிருக்கிறது என்று அதிலிருந்துதான் பிடித்தார். 1857இல் அதைப் பிரித்தெடுத்து, சீனியைப் பிறப்பிப்பது என்ற பொருளில் கிளைக்கோஜன் என்று பெயரும் வைத்தார்.

மகள் இதைச் சொல்லிவிட்டு, நாமும் செய்து பார்ப்போம் என்றாள். பெனடிக்ட் கரைசல் கொஞ்சம் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள், நீல நிறக் கரைசல், சீனி உள்ள தண்ணீரோடு சூடாக்கினால் நிறம் மாறும். நான் விடிய வெள்ளனவே சந்தைக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆட்டின் ஈரல் கால் கிலோ வாங்கினேன். கையில் சூடு இருந்தது. கடும் சிவப்பு, மேல்தோல் கண்ணாடி மாதிரி மினுங்கியது, விரலால் அழுத்தினால் மெதுவாக மேலே வந்தது. மனைவி ஈரலின் பாதியைப் பொரிக்க எடுத்துக்கொண்டாள். மற்றப் பாதியை மகள் சிறு சிறு துண்டாக நறுக்கி வடியில் போட்டு, குழாய்த் தண்ணீரில் பிசைந்து பிசைந்து கழுவினாள். முதல் தண்ணீரைப் பெனடிக்ட் விட்டுச் சூடாக்கினோம், நீலம் பச்சையானது. அரை மணி கழுவிய பிறகு நீலம் நீலமாகவே நின்றது. துண்டுகளைக் கொஞ்சத் தண்ணீரில் மூடி அடுப்படியில் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாடு, நித்திரை, எல்லாம். பின்னேரம் 4 மணிக்கு அந்தத் தண்ணீரை வடித்துச் சூடாக்கினோம். பச்சை, பிறகு மஞ்சள், அடியில் செம்மஞ்சள் பொடி மாதிரி இறங்கியது.

மூன்று பேரும் அந்தச் சோதனைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "இதுதான் உங்கட காலைச் சீனி" என்றாள் மனைவி.

27 ஒக்டோபர்

குளம் என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். குளத்துக்கு மழையோ ஆறோ தண்ணீர் கொண்டு வர வேண்டும், குளம் தானாகத் தண்ணீர் செய்யாது. ஈரல் செய்கிறது. சேர்த்து வைத்த 100 கிராம் ஒரு நாள், ஒன்றரை நாள் பட்டினியில் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்கு முன்னரே ஈரல் லக்றிக் அமிலம், புரதத்தின் துண்டுகள், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரோல் என்று கிடைத்ததை எடுத்துப் புதுச் சீனி செய்யத் தொடங்கிவிடும். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் காலைச் சீனியில் இந்தப் புதுச் சீனிக்குப் பெரிய பங்கு. அதனால்தான் பட்டினியால் மட்டும் அதை வெல்ல முடியவில்லை. இரண்டு வருடம் நான் துருசைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குளத்துக்கு அடியில் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போ துருசு ஏன் பூட்டுப்படவில்லை? கொழுப்பு. சேமிப்பு நிரம்பிய பிறகும் சோறும் சீனியும் வந்துகொண்டே இருந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது, குளம் வான் பாய்வது போல. அதில் ஒரு பங்கு ட்ரைகிளிசரைட்டாக இரத்தத்தில் போகிறது, ஒரு பங்கு ஈரலிலேயே தங்குகிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து வருவதும் சேர்கிறது. தங்கிய கொழுப்பு இன்சுலினின் செய்தியைக் கலத்துக்குள்ளே தடுக்கிறது. இதில் எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம், ஈரல் எல்லாச் செய்தியையும் தட்டிக்கழிப்பதில்லை என்பது. "சீனி ஊற்றாதே" என்றால் கேட்பதில்லை, "கொழுப்புச் செய்" என்றால் செய்கிறது. சதையி இன்னும் கூட இன்சுலின் விட, கொழுப்பு இன்னும் கூடுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கிறது.

எனக்கு 2022இல் ஸ்கேன் எடுத்து "ஈரலில் கொழுப்பு" என்று எழுதித் தந்தார்கள். குடிப்பீர்களா என்று மூன்று தரம் கேட்டார்கள், நான் வாழ்நாளில் ஒரு துளி தொட்டதில்லை. பக்கத்தில் மனைவி இருக்கும்போதே நம்பாத மாதிரிக் கேட்டது இன்றும் வலிக்கிறது. குடியாதவர்களுக்கும் இது வரும், நிறைய வரும். அந்த வருத்தத்தின் பெயரையே 2023இல் உலக அளவில் மாற்றினார்கள், மதுவைச் சுட்டும் சொல்லை எடுத்துவிட்டு வளர்சிதை மாற்றத்தைச் சுட்டும் சொல்லை வைத்தார்கள். அந்தப் பேப்பரை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து அலுமாரியில் வைத்ததோடு சரி. அதற்கும் என் காலைச் சீனிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

3 நவம்பர்

பனங்கட்டி. இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். "வெள்ளைச் சீனிதான் கூடாது, பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் ஒன்றும் செய்யாது" என்று என் பெரியம்மாவும் சொன்னார், இங்கே இரண்டு பேரும் சொல்கிறீர்கள். பனங்கட்டி, கித்துள் பாணி, வெல்லம், வெள்ளைச் சீனி எல்லாவற்றிலும் பெரும்பங்கு ஒரே சுக்குரோசுதான். அது குடலில் உடைந்தால் பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. குளுக்கோசை உடம்பு முழுக்கப் பங்கு போடும், பிரக்டோசில் பெரும்பகுதி ஈரலின் தலையில்தான் விழும், கூடிப்போனால் கொழுப்பாகும். இரும்புச்சத்து இருக்கிறது என்கிறீர்கள், இருக்கட்டும், அதற்கு வல்லாரையும் முருங்கையிலையும் நம் முற்றத்திலேயே இருக்கின்றன.

(கந்தளாயில் சீனித் தொழிற்சாலை ஓடிய காலம் ஞாபகம் வருகிறது. 1993இல் மூடும் வரைக்கும் கரும்பு ஏற்றிய ட்ரக்டர்கள் வரிசையில் நிற்கும். அந்தப் பக்கம் வாய்க்கால் பார்க்கப் போனால் காற்றே இனிப்பாக மணக்கும், நாங்கள் கரும்பை உடைத்துக் கடித்துக்கொண்டே வேலை செய்வோம். அப்போது ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர் சைக்கிள் ஓடினேன், தின்றது எல்லாம் எரிந்துவிட்டது. அதே வாயோடு ஓய்வு பெற்றதுதான் பிரச்சினை.)

8 நவம்பர்

நேற்றுச் சூரன்போர். என் மச்சானுக்குக் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம், 20 வருடமாக விட்டதில்லை. பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் பாலும் பழமும். இந்த வருடம் அவருக்குச் சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினோடு கிளிக்லசைட்டும் எழுதியிருந்தார்கள். மாத்திரையை விடக்கூடாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு இல்லாமலே காலையில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்.

பின்னேரம் 4.30 இருக்கும். கோயில் வீதியில் சனம் நெரிகிறது, சூரன் மாமரமாகி நிற்கிற நேரம். பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்தார். கை ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தால் நெற்றியிலிருந்து வேர்வை ஓடி விபூதி கன்னத்தில் கோடாக வழிகிறது, கண் என்னைப் பார்க்கவில்லை. "மச்சான்" என்றேன், "ம்ம், வாய்க்கால்" என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொன்னார். என் பையில் மீற்றர் எப்போதும் இருக்கும். 46. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் கச்சான் கடைத் தம்பியிடம் சோடா வாங்கி மெதுவாகப் பருக்கினோம். கால் மணி நேரத்தில் என்னை யார் என்று தெரிந்துகொண்டார். ஒட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த மாத்திரை வயிற்றில் போன பிறகு பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கிளிக்லசைட், சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் சதையியைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். இன்சுலின் ஈரலைப் பூட்டு என்கிறது. ஆறு நாள் விரதத்தில் ஈரலின் இருப்பும் அடிமட்டத்தில். வெளியே இருந்தும் வரவில்லை, உள்ளே இருந்தும் விடவில்லை.

நினைவில்லாமல் கிடப்பவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குள் போய்விடும், உடனே ஆஸ்பத்திரி.

9 நவம்பர்

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஈரல் இன்சுலினின் சொல் கேட்காது என்று அத்தனை எழுதிவிட்டு, இன்சுலின் ஈரலைப் பூட்டியதால் மச்சான் விழுந்தார் என்றால் எப்படி? எதிர்ப்பு என்பது முழுச் செவிடு இல்லை அக்கா, காது மந்தம். சாதாரணமாகச் சொன்னால் கேட்காது, உரத்துக் கத்தினால் கேட்கும். மாத்திரை கத்த வைக்கிறது. அதோடு ஆறு நாள் குறைத்துச் சாப்பிட்டதில் காதும் கொஞ்சம் திறந்திருக்கும்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் சாராயம் குடிப்பவர்களுக்கும் சீனி இப்படி விழும். ஈரல் மதுவை உடைப்பதில் ஈடுபடும்போது புதுச் சீனி செய்கிற வேலை தடைப்பட்டுவிடும். கடலுக்குப் போய் வந்து, சாப்பிடாமல் குடித்துவிட்டுக் கரையில் கிடப்பவரை வெறி என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு தரம் குத்திப் பாருங்கள்.

30 நவம்பர்

மழை விடவே இல்லை. பதினைந்து நாளாக விறாந்தையில்தான் நடை, அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்கு 14 எட்டு. மழைக்கு முன்னர் இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் இறங்கி, கோட்டை வாசல் மட்டும் போய்த் திரும்புவோம். மான்கள் புல்லில் படுத்திருக்கும், நாங்கள் போனால் காதை மட்டும் திருப்பும். சாப்பிட்ட பிறகு நடப்பதில் ஒரு தனி இலாபம் இருக்கிறது. வேலை செய்கிற தசை, இன்சுலினின் உத்தரவு இல்லாமலே இரத்தத்திலிருந்து சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரலின் தலையில் விழ வேண்டியதைத் தசை வாங்கிவிடுகிறது. நடந்த இரவும் நடக்காத இரவும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு 30, 35 எண் வித்தியாசம் வருகிறது, ஒரே புட்டு, ஒரே சொதி.

15 டிசம்பர்

தம்பி, "ஈரல் கொழுப்பைக் கரைக்கலாமா, மருந்து இருக்கிறதா" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை தந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர் என்ற டொக்டரின் குழு 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 11 பேருக்கு 8 கிழமை, நாளைக்கு 600 கலோரி மட்டும். முதல் கிழமை முடியும்போதே ஈரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்து, காலைச் சீனி சாதாரண நிலைக்கு வந்துவிட்டது. ஏழே நாள்! 11 பேர் என்பது சின்ன எண்தான். அதனால் பிறகு 298 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து 2017 டிசம்பரில் வெளியிட்டார்கள். எடை குறைப்புப் பக்கம் இருந்தவர்களில் 46 சதவீதமானோர் ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். எல்லோரும் வருத்தம் தொடங்கி ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், டொக்டர்கள் பக்கத்திலேயே இருந்து மாத்திரைகளைச் சரிப்படுத்தினார்கள். மச்சானின் கதையை வாசித்தவர்கள் இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் அவ்வளவு கடுமையாகச் செய்யவில்லை. கிளினிக்கில் கேட்டு, கிளினிக் மிஸ்ஸியின் அறிவுரைப்படி, சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையும் மீனும் வைத்தேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. மகிழ்ச்சியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், முதல் இரண்டு கிழமை பாண் போறணை வாசம் வந்தால் அந்த ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போவேன். கடந்த ஏப்ரலில் 84 கிலோ, இன்று 76. இடுப்பு 101 சென்ரிமீற்றரிலிருந்து 93. நம் தெற்காசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80, இன்னும் போக வேண்டும். காலைச் சீனி 150களில் இருந்தது, இந்தக் கிழமை 112, 119, 108, 115.

மெட்ஃபோமினைத் திட்டி ஒருவர் எழுதியிருக்கிறார், "இரசாயனம், ஈரலைக் கெடுக்கும்" என்று. அந்த மாத்திரையின் முக்கிய வேலையே ஈரல் கூடுதலாகச் சீனி ஊற்றுவதைக் குறைப்பது. அதன் மூலமும் ஒரு மூலிகைதான், ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்து பாவித்த ஒரு செடியின் சத்தைப் பார்த்துத்தான் அந்த வகை மருந்தைச் செய்தார்கள், 1957இலிருந்து நீரிழிவுக்குக் கொடுக்கிறார்கள். டொக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், முகம் தெரியாத ஒருவர் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள். நான் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

12 ஜனவரி 2025

தம்பியின் காலை எண் 131 ஆகியிருக்கிறது, ஆனால் மனம் விட்டுப் போய் எழுதியிருக்கிறார். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையில் 7.6 இருந்தது இப்போது 7.0, "இவ்வளவுதானா" என்கிறார். தம்பி, காலை எண் 148இலிருந்து 17 இறங்கியிருக்கிறது, அதை ஒரு மாத்திரையும் கூட்டாமல் செய்திருக்கிறீர்கள். இரவுச் சூப்பை விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் இறங்கியது என்பதையும் கவனியுங்கள். பட்டினி கிடந்து விடிய எழும்பி, வயிறு காந்தி, இரண்டு றாத்தல் பாணைக் காலையில் முடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று நீங்களே நவம்பரில் எழுதினீர்கள்.

ஸ்கேன் எடுத்தீர்களா? அதைக் கேட்டு எடுங்கள். எனக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பேப்பரை அலுமாரியில் வைக்காதீர்கள், சீனிக் கிளினிக்குக்கு அதையும் கொண்டு போங்கள்.

22 பெப்ரவரி

அடுத்த புதன் சிவராத்திரி. தங்கச்சி ஒருவர் தன் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 68 வயது, கிளிக்லசைட்டும் மெட்ஃபோமினும், கோணேசர் கோயிலில் இரவு முழுக்கக் கண்விழித்து, மறுநாள் விடியும் வரைக்கும் உபவாசம் இருக்க வேண்டும் என்று நிற்கிறாராம். தடுத்தால் அழுகிறாராம்.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள் தங்கச்சி. திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு, எல்லா மாத்திரையும் போட்ட பையோடு கிளினிக்குக்குப் போங்கள். "விரதம் இருக்கலாமா" என்று மட்டும் கேட்டால் ஓம் அல்லது இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "அன்றைக்கு இந்த மாத்திரையைப் போடுவதா, எத்தனை, எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் விரதத்தை முறிப்பது" என்று எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். அன்று இரவு மீற்றரும் ஒரு போத்தலில் சீனி கரைத்த தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும். சுவாமி மலைக்கு ஏறும்போது அவசரப்பட விடாதீர்கள். என் மச்சானும் வருகிறார், இந்த முறை மாத்திரைக் கணக்கை முதலே கேட்டு எழுதி வாங்கிவிட்டார். நாங்கள் கோட்டை வாசலில் 7 மணிக்கு நிற்போம், வந்தால் சேர்ந்தே ஏறலாம்.